பாலத்தை அகலப்படுத்தும்போது புதுத் தளத்தைப் பழையதோடு எப்போது, எப்படி இணைப்பது

பாலக்கோட்டுப் பக்கம் ஓர் ஓடைப் பாலம். இரண்டு கண் (ஒரு தாங்கலுக்கும் அடுத்த தாங்கலுக்கும் நடுவே உள்ள பகுதி), ஒவ்வொன்றும் 20 மீட்டர். பழைய தளம் 1970-களில் போட்டது. சாலை அகலமாவதால் மேற்குப் பக்கம் மூன்றரை மீட்டருக்குப் புதுத் தளம் சேர்க்க வேண்டியிருந்தது. தளத்தைத் தாங்கும் கர்டர் நின்றது, மேலே டெக் ஸ்லாப் போட்டோம், ஈரம் காக்கப் போட்ட சாக்கை எடுத்த ஒரே வாரத்தில் பழையதுக்கும் புதுசுக்கும் நடுவே விட்டிருந்த பட்டையிலும் கான்கிரீட் ஊற்றிவிட்டோம். தேதி நெருக்கியது, மேலே அவசரப்படுத்தினார்கள், நானும் கையெழுத்துப் போட்டேன். இரண்டு மாதம் கழித்துக் கீழே இறங்கிப் பார்த்தால், பட்டையில் ஏறக்குறைய மீட்டருக்கு ஒரு குறுக்கு விரிசல். பாதிக்கு மேல் புதுத் தளத்துக்குள்ளும் ஓடியிருந்தது. பழைய கான்கிரீட்டை ஒட்டி நெடுக ஒரு மயிரிழைக் கோடு. ஐப்பசி மழையில் அந்தக் கோடு வழியே தண்ணீர் இறங்கி, அடியில் வெள்ளை பூத்துவிட்டது.

என்னோடு இறங்கிய கம்பி மேஸ்திரி என்னைவிட இருபது வயது மூத்தவர். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "காஞ்ச மண்சுவத்துல புது மண்ண அப்புன மாதிரி ஆயிடுச்சு சார்" என்றார்.

அவர் சொன்னதுக்கு மேல் விளக்கம் தேவையில்லை. பழைய தளம் நாற்பது வருஷமாகக் காய்ந்து, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி நின்றுவிட்டது. புதுத் தளம் இனிமேல்தான் சுருங்க வேண்டும். அதற்குள் இரண்டையும் கட்டிவிட்டால் பழசு பிடித்துக்கொள்ளும், புதுசு கிழியும். அன்றிலிருந்து தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நான் பார்த்த ஒவ்வொரு அகலப்படுத்தும் வேலையிலும் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் அதிகம் வாதாடியிருக்கிறேன். புதிதாகச் சைட்டுக்கு வரும் பொறியாளர்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் எவ்வளவு நாள் பொறுப்பது என்று பார்ப்போம். மொத்தச் சுருக்கத்துக்குச் சோதனை விவரம் இல்லாதபோது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநூல் ஐ.எஸ். 456 எடுத்துக்கொள்ளச் சொல்வது 0.0003, அதாவது மீட்டருக்கு 0.3 மி.மீ. 20 மீட்டர் கண்ணுக்கு இது 6 மி.மீ. ஆனால் இந்த 6 மி.மீ. ஒரே நாளில் வராது. கான்கிரீட் பாலங்களுக்கான விதிநூல் ஐ.ஆர்.சி. 112-இல் உள்ள சூத்திரத்தை, இரண்டு பக்கமும் காயும் 200 மி.மீ. தளத்துக்குச் சுருக்கினால் மனக்கணக்காகவே போடலாம்: காய்ந்த நாள்களை, அதே நாள்களோடு 113-ஐக் கூட்டி வரும் எண்ணால் வகுங்கள். ஒரு வாரத்தில் 6 சதவீதம். 28 நாளில் 20. 60 நாளில் 35. 90 நாளில் 44. ஆறு மாதத்தில் 61. தளம் 250 மி.மீ. கனம் என்றால் 113-க்குப் பதில் 158 போடுங்கள். கனம் கூடினால் காய்வது மெதுவாகும்.

இனி மீதியைப் பாருங்கள். இணைத்த பிறகு வரப்போகும் சுருக்கம்தான் நமக்கு எதிரி. நாள்பட்ட இழுவையில் கான்கிரீட் கொஞ்சம் இளகிக் கொடுக்கும் என்பதால் மீள்மைக் குணகத்தை (கான்கிரீட்டின் விறைப்பைக் காட்டும் எண்) சதுர மி.மீ.க்கு 12,000 நியூட்டன் என்று குறைத்து எடுக்கிறேன். பழைய தளம் முழுக்கப் பிடித்துக்கொள்கிறது என்று வைத்தால், ஒரு வாரத்தில் இணைத்த என் பாலத்தில் இழுவிசை சதுர மி.மீ.க்கு 3.4 நியூட்டன். எம்35 கான்கிரீட் (சதுர மி.மீ.க்கு 35 நியூட்டன் அழுத்தம் தாங்கும் கிரேடு) சராசரியாகத் தாங்கும் இழுவிசை 2.8. கிழியாமல் என்ன செய்யும்? 28 நாளில் இணைத்தால் 2.9, அதுவும் போதாது. 60 நாளில் 2.3. 90 நாளில் 2.0. பழைய தளமும் சற்று வளைந்துகொடுக்கும் என்பதால் நிஜத்தில் இதைவிடக் குறையும். ஆனால் வெயிலும் லாரியும் தனியாக இழுவிசையைச் சேர்க்கும். ஆகவே நான் 90 நாள் கேட்பேன். வேறு வழியே இல்லை என்றால் 60. அதற்குக் கீழே இறங்க மாட்டேன்.

இதில் பலரும் தப்பாக எண்ணும் இடம் ஒன்று உண்டு. 90 நாள் என்பது கான்கிரீட் போட்ட நாளிலிருந்து அல்ல, ஈரச் சாக்கை எடுத்த நாளிலிருந்து. ஈரமாக இருக்கும்வரை கான்கிரீட் காயவே தொடங்கவில்லை. அதற்காகக் கியூரிங்கைக் குறைத்துவிடாதீர்கள். 14 நாள் ஈரம் கட்டாயம் வேண்டும். மழைநாளும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமாக இருக்கும்போது 90 நாள் போனாலும் தளம் அவ்வளவாகக் காய்ந்திருக்காது. நம்ம ஊருக்கு வசதியானது, தை அல்லது மாசியில் புதுத் தளத்தைப் போட்டு, பங்குனி, சித்திரை, வைகாசி வெயிலில் காயவிட்டு, ஆனி முதல் வாரத்தில் பட்டையை ஊற்றுவது. வேலை அட்டவணை போடும்போதே இந்த இடைவெளியை எழுதி வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் யாரும் தர மாட்டார்கள். அந்த மூன்று மாதத்தில் கைப்பிடிச் சுவர், அப்ரோச் ரோடு, வடிகால் என்று செய்ய வேலை நிறைய இருக்கிறது.

கர்டர் பிரீஸ்ட்ரெஸ் வகை (உள்ளே கேபிளை இழுத்து அழுத்தம் ஏற்றியது) என்றால் சுருக்கத்தோடு இன்னொன்றும் சேரும். கேபிளின் அழுத்தத்தில் கர்டர் மாதக்கணக்கில் குறுகிக்கொண்டும் மேல்நோக்கி வளைந்துகொண்டும் இருக்கும். அங்கே தளத்தின் வயதோடு கர்டரின் வயதையும் பாருங்கள். கர்டரை முன்கூட்டியே வார்த்து வைத்திருந்தால் பெரிய நிம்மதி.

காத்திருக்கும் நாளில் புதுத் தளம் நிஜமாகவே தனியாக நிற்க வேண்டும். சிலர் ஸ்லாப்பை விட்டுவிட்டு, குறுக்குக் கர்டரை மட்டும் முதலில் இணைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பொறுத்திருந்ததுக்கே அர்த்தம் இல்லை. இரண்டும் ஒரே நாளில்தான். பழைய, புதுத் தூண் தலைகளுக்கு நடுவே 20 மி.மீ. தெர்மகோல் வைத்துத் தனித்தனியாகவே விட்டுவிடுவது என் வழக்கம். இங்கே பெரும்பாலான இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறை வந்துவிடும், அஸ்திவாரம் இறங்குமோ என்ற கவலை குறைவு. ஆனாலும் ஓடைக்கு ஓடை மாறும், மண் பரிசோதனையைப் பார்த்துச் செய்யுங்கள். பட்டை இருக்கும் பள்ளத்தை மூட இரும்புத் தகடு போடுவீர்கள். அதைப் பழைய தளத்தில் மட்டும் போல்ட் போட்டு, புதுப் பக்கம் சும்மா படுத்திருக்க விடுங்கள். இரவில் பைக்கில் வருகிறவர்களுக்காகச் சிவப்பு விளக்கு வையுங்கள்.

சரி, சுருக்கத்துக்குப் பொறுத்தோம். வெப்பத்துக்குப் பொறுத்திருந்து தீர்வு கிடையாது, அது தினமும் வந்துபோவது. கான்கிரீட்டுக்கு, பாலத்தின் மேல் வரும் பளுக்களுக்கான விதிநூல் ஐ.ஆர்.சி. 6 சொல்லும் விரிவுக் குணகம் ஒரு டிகிரிக்கு பத்து லட்சத்தில் 12 பங்கு. 20 மீட்டர் கண் ஒரு டிகிரிக்கு 0.24 மி.மீ. நீளும். மார்கழி விடியலில் பதினாறு, பதினேழு டிகிரி, சித்திரை மதியத்தில் நாற்பதைத் தொடுகிற ஊர் இது. இப்படி 20 டிகிரிக்கு மேல் வித்தியாசம் உள்ள இடத்துக்கு, நடு வெப்பநிலைக்கு மேலே பத்தும் கீழே பத்தும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது அதே புத்தகம். மொத்தம் 20 டிகிரிக்கு 4.8 மி.மீ. இதில் தப்பில்லை, இரண்டு தளமும் சேர்ந்து ஒரே பக்கம் நீண்டால் யாருக்கும் வலிக்காது. ஒன்று தர்மபுரிப் பக்கமும் இன்னொன்று ஓசூர்ப் பக்கமும் நீளப் பார்த்தால்தான் சிக்கல்.

அது எப்படி வரும்? பேரிங்கால் வரும், அதாவது தளம் தூண் தலைமேல் உட்காரும் தாங்கியால். பழைய பாலத்தில் ஒரு முனை நிலையானது, மறு முனை நகர்வது. புதுத் தளத்துக்கு வரைபடம் போடுகிறவர் அலுவலகத்தில் உட்கார்ந்து ஏதோ ஒரு முனையை நிலையானது என்று குறித்திருப்பார். அது எதிர் முனையாகப் போய்விட்டால், இணைத்த பிறகு இரண்டு முனையும் கட்டிப்போட்ட மாதிரிதான். விரிய இடமில்லாத தளம் பேரிங் போல்ட்டையும் தூண் தலையையும் தள்ளும். பழைய வரைபடம் கிடைப்பது அபூர்வம், கிடைத்தாலும் அப்படியே கட்டியிருப்பார்கள் என்று நம்ப முடியாது. அதனால் பாலத்தையே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் செய்வது இதுதான். தளத்தின் இரண்டு முனையிலும் எக்ஸ்பான்ஷன் ஜாயிண்டின் (தளம் விரியச் சுருங்க விட்ட இடைவெளி) இருபுறமும் இரண்டு சின்னத் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளை எபாக்சியால் ஒட்டிவிடுவேன். ஆணித் தலையில் புள்ளி குத்தியிருக்கும். தளத்தில் கைப்பிடிச் சுவர் ஓரமாக 12 மி.மீ. துளை, 60 மி.மீ. ஆழம். அதில் என்ஜின் ஆயில் ஊற்றித் தெர்மாமீட்டரை நிறுத்தினால், காற்றின் வெப்பம் அல்லாமல் கான்கிரீட்டின் வெப்பம் கிடைக்கும். மூன்று நாள், காலை ஆறரைக்கும் மாலை நாலுக்கும் வெர்னியர் காலிப்பரால் புள்ளிக்குப் புள்ளி அளந்து நோட்டில் எழுதுவேன். தளத்தின் சராசரி வெப்பம் காலைக்கும் மாலைக்கும் 8 டிகிரி மாறினால் 20 மீட்டருக்கு 2 மி.மீ. அளவுக்கு வித்தியாசம் தெரிய வேண்டும். எந்த முனையில் அது தெரிகிறதோ அது நகரும் முனை. மாறாத முனை நிலையானது. ஒரு தூணில் இரண்டு கண் சந்தித்தால் தூண் தலையிலும் ஓர் ஆணி ஒட்டி, இரண்டு கண்ணையும் தனித்தனியாக அளவெடுங்கள்.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு பாலத்தில் மூன்று நாளும் இரண்டு முனையிலும் ஒரே எண். கீழே ஏணி வைத்து ஏறிப் பார்த்தோம். நகர வேண்டிய ரோலரைச் சுற்றி மண்ணும் துருவும் இறுகி, ஒரு புறாக்கூடும் இருந்தது. அதைச் சுத்தம் செய்து, கிரீஸ் போட்டு, மறுபடி அளந்தபோது 1.7 மி.மீ. நகர்ந்தது. அதற்குப் பிறகுதான் புதுப் பேரிங்குக்கு ஆர்டர் போனது. இந்த மூன்று நாளைச் சேமிக்கப் பார்க்காதீர்கள்.

புதுப் பக்கம் இரண்டு முனையிலும் ரப்பர் பேரிங் வைப்பதாக இருந்தால் இன்னொரு கவனம். அப்போது புதுத் தளம் நடுவிலிருந்து இரு பக்கமும் விரியும். பழையதோ ஒரு முனையிலிருந்து ஒரே பக்கம் விரியும். ஒன்று, புதுசிலும் பழையதின் நிலையான முனையிலேயே எஃகு முளை (பின்) வைத்து நிறுத்துங்கள். இல்லையென்றால் பழைய தளத்தை ஜாக்கியால் தூக்கி அங்கேயும் ரப்பர் மாற்றுங்கள். இரண்டாவது செலவு அதிகம், ஆனால் ரோலர் அரித்துப்போன பாலத்தில் எப்படியும் செய்ய வேண்டியதுதான். எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட் பழைய கோட்டின் நேர் நீட்சியில் வர வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

லெவல் எடுப்பது விடியற்காலையில். வெயில் ஏறியதும் தளத்தின் மேல்முகம் சூடாகி, நடுப்பகுதி கொஞ்சம் மேலே எழும்பும். தார் போட்ட பழைய தளமும் வெள்ளையாகக் கிடக்கும் புதுத் தளமும் ஒரே அளவு சூடாகாது. மதியம் எடுத்த லெவலை நம்பிப் பட்டையின் மட்டத்தை வைத்தால் மறுநாள் காலையில் படி தெரியும்.

இனி பட்டை. அகலம் 600 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும், 16 மி.மீ. கம்பிக்கு 40 மடங்கு லேப் (இரண்டு கம்பியும் ஒன்றை ஒன்று ஒட்டி ஓடும் நீளம்) என்றாலே 640 வந்துவிடும். பழைய ஓரத்தைப் பெரிய பிரேக்கரால் உடைக்காதீர்கள், உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். சின்னச் சிப்பிங் ஹேமரோ உளியோ போதும். பழைய கம்பி வெளியே வந்ததும் கையால் தடவிப் பாருங்கள். வழவழப்பான மைல்ட் ஸ்டீல் என்றால் வெறும் லேப் பிடிக்காது, கொக்கியோ வெல்டிங்கோ வேண்டும். முறுக்கிய டார் கம்பி என்றால் வெல்டிங் வேண்டாம், சூட்டில் முறுக்கின் பலம் போய்விடும்.

எத்தனை நாள் பொறுத்தாலும் பட்டை புதுக் கான்கிரீட்தான். அதன் சுருக்கம் முழுவதும் இணைத்த பிறகுதான் வரும், இரண்டு பக்கமும் பிடித்திருக்கும்போது. இதைக் கலவையாலும் கம்பியாலும்தான் சமாளிக்க வேண்டும். நெடுக்குக் கம்பியை மெல்லியதாக, நெருக்கமாகப் போடுங்கள். 16-ஐ 200-க்கு ஒன்று என்பதைவிட 10-ஐ 75, 80-க்கு ஒன்று நல்லது, எஃகு ஏறக்குறைய அதேதான். விரிசல் வந்தாலும் பல சின்னக் கோடுகளாகப் பிரிந்துவிடும். கண்ணின் இரண்டு முனையிலும் கடைசி இரண்டு மீட்டருக்குக் குறுக்குக் கம்பியை இன்னும் நெருக்குங்கள். புதுத் தளம் குறுகப் பார்க்கும்போது அந்த விசை பழைய தளத்துக்கு மாறுவது பெரும்பாலும் அந்த முனைகளில்தான். அங்கே சாய்வாக விரிசல் விழுந்து பார்த்திருக்கிறேன்.

கலவையில் ஒரு பழக்கத்தோடு சண்டை போட வேண்டியிருக்கும். "பட்டைதானே, எம்50 போட்டுடலாம் சார், சீக்கிரம் வண்டி விடலாம்" என்பார்கள். வேண்டாம். சிமென்ட் கூடினால் சூடு கூடும், சுருக்கமும் கூடும். நடுவில் மாட்டிய மெல்லிய பட்டை சூட்டில் விரிந்து இறுகி, பிறகு ஆறும்போது கிழியும். தளத்தின் அதே கிரேடு, கூடிப்போனால் ஒரு படி மேலே. பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமென்ட் அல்லது இரும்பு ஆலைக் கசடு கலந்தது, தண்ணீர் எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு, சுருக்கத்தை ஈடுகட்டும் அட்மிக்சர் கிடைத்தால் சேர்க்கலாம். நம்ம பகுதிக் கருங்கல் ஜல்லி நல்ல கெட்டி, அது சுருக்கத்தைத் தடுக்கும். கெடுப்பது எம்-சாண்டில் வரும் தூசு. தூசு கூடினால் தண்ணீர் கேட்கும். லோடு வந்ததும் ஒரு கைப்பிடி எடுத்து கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கலக்கி வையுங்கள். மேலே படியும் சகதி தடிப்பாக இருந்தால் சோதனைக்கு அனுப்பாமல் இறக்கவிடாதீர்கள்.

ஊற்றுவது இரவில். ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்குள் முடித்துவிட வேண்டும். கலவை குளிர்ச்சியாக இருக்கும், ஈரம் சீக்கிரம் பறக்காது, வண்டியும் குறைவு. ஆனால் வண்டி இல்லாமல் இருக்காது. பாலக்கோடு, ராயக்கோட்டைத் தக்காளி லோடு இரவில்தான் கிளம்பும். நான் மண்டிக்காரர்களிடம் நேரில் போய், "அண்ணே, ஒரு ராத்திரி மட்டும் சுத்துப் பாதையில போங்க" என்று கேட்டிருக்கிறேன். காரணம் சொன்னால் கேட்பார்கள். மாற்றுப் பாதை இல்லாத இடத்தில் பட்டைக்கு எதிர் ஓரமாக ஒரே வரிசை, நடக்கிற வேகம், ஒரு நேரத்தில் ஒரு வண்டி. பழைய தளம் லாரிக்கு ஆடும்போது அதிலிருந்து நீட்டிய கம்பி பச்சைக் கான்கிரீட்டுக்குள் ஆடினால் கம்பியைச் சுற்றிப் பொந்து விழும். அதைத் தடுக்க, குறுக்குக் கம்பிகளை ஒவ்வொரு சந்திப்பிலும் இறுக்கிக் கட்டி, ஷட்டரிங்கை இரண்டு கர்டரிலிருந்தும் தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் சேர்ந்தே ஆடும்படி செய்யுங்கள்.

ஊற்றுவதற்கு முந்தின நாள் பழைய ஓரத்தை நன்றாக நனைத்து ஊறவிடுங்கள், ஊற்றும் நேரத்தில் மேலே நீர் தேங்காமல் உள்ளே ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்த ஓரம் புதுக் கலவையின் தண்ணீரைக் குடித்துவிடும், அந்த மயிரிழைக் கோட்டுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனி தாண்டி ஆடிக்குப் போய்விட்டால் காற்றைக் கவனியுங்கள். அம்மியும் பறக்கும் ஆடிக் காற்று, பச்சைக் கான்கிரீட்டை என்ன பாடு படுத்தும்! ஒரு மணி நேரத்தில் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகிற அளவுக்குக் காற்று இருந்தால் இறுகுவதற்கு முன்பே மேல்முகம் கிழியும். காற்று வரும் பக்கம் தார்ப்பாய் கட்டி, மட்டம் தட்டியதுமே பாலித்தீன் மூடி, இறுகியதும் சாக்கு போட்டு 14 நாள் ஈரம் காத்துவிடுங்கள்.

பட்டை பலம் பெற்ற பிறகு நீர்புகாத் தாளும் தாரும் இரண்டு தளத்துக்கும் சேர்த்து ஒரே சமயத்தில் போடுங்கள். பாதி கறுப்பு, பாதி வெள்ளையாக ஒரு கோடையைக் கடக்க விடாதீர்கள்.

முதல் வருஷம் நாலு தடவையாவது கீழே இறங்கிப் பாருங்கள். விரிசலின் இரண்டு முனையிலும் பெயிண்டால் தேதி எழுதுங்கள், நீள்கிறதா என்று தெரியும். நகரும் முனை ஆணிகளில் பழைய அளவும் புது அளவும் ஒத்துப்போகின்றனவா, ரப்பர் பேரிங் பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அகலப்படுத்திய பாலம், புதுப்பக்கம் குறுகக் குறுக வில்லாக வளையப் பார்க்கும், நடுப்பகுதி பழைய பக்கம் தள்ளும். அது முதலில் தெரிவது பேரிங்கில்தான். 0.2 மி.மீ.க்குள் இருக்கும் கோடுகளை மேலே அடைத்தால் போதும். 0.3-ஐத் தாண்டியதுக்கு எபாக்சி ஊசி. அதையும் அவசரப்பட்டு வெயிலில் போடாதீர்கள். அந்த வருஷச் சுருக்கம் ஓய்ந்த பிறகு, மார்கழியிலோ தையிலோ, விடியற்காலையில், விரிசல் அகலமாகத் திறந்திருக்கும்போது, தாழ்ந்த முனையிலிருந்து மேல்நோக்கிப் போடுங்கள்.